சனிக்கிழமை ரூமில் குடிக்காமல் இருக்கணும், செட்டையும் விடக்கூடாது: வழி இருக்குங்களா?

காங்கேயம் மேற்கு:

வணக்கம்ங்க. எனக்கு 24 வயது, திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசிங் பக்கம் வேலை. காலேஜில் ஒரே ஹாஸ்டலில் இருந்த செட்டுதான் இப்போது ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். ஒருத்தன் நிட்டிங், ஒருத்தன் டையிங், ஒருத்தன் பிரிண்டிங், இன்னொருத்தன் சொந்தமாக ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறான். சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் வாட்ஸ்அப் குரூப்பில் "எத்தனை?" என்று ஒரே ஒரு வார்த்தை வரும். சாப்பிட எத்தனை பேர் என்ற கேள்வி இல்லை, எத்தனை குவார்ட்டர் வாங்கி வருவது என்று அர்த்தம்.

எனக்குப் புரியாதது இதுதான். தனியாக இருந்தால் குடிக்கணும் என்ற நினைப்பே எனக்கு வருவதில்லை. மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்தாலும் அதன் ஞாபகமே இருக்காது. ஆனால் சனிக்கிழமை ரூமுக்குள் நுழைந்து, பாய் விரித்து, நடுவில் நியூஸ் பேப்பர் போட்டு, மிக்சரும் ஊறுகாயும் வந்துவிட்டால் என் கையிலும் ஒரு டம்ளர் இருக்கும். அந்த ருசியும் பிடிக்காது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் தலையைத் தூக்கவும் முடியாது. யாரும் வற்புறுத்துவதும் இல்லைங்க, அதையும் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்றால் "ஏன் மாப்ளே, உடம்பு சரியில்லையா?" என்று ஒருத்தன் கேட்பான், அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் பேச்சின் தோரணையே மாறிவிடுகிறது, நான் என்னவோ அவர்களுக்குக் காவல் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

செட்டை மாற்று என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் ஐயன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி மாற்றி மாற்றி வராண்டாவில் படுத்தது இவர்கள்தான், ரத்தம் கொடுத்ததும் இவர்கள்தான். அடுத்த முகூர்த்தத்தில் எங்களில் ஒருத்தனுக்குத் தாராபுரம் பக்கம் கல்யாணம். முந்தின நாள் ராத்திரி அவர்கள் தோட்டத்துச் சாளையில் பார்ட்டி என்று முடிவாகிவிட்டது. செட்டோடு உட்கார்ந்தால் மட்டும் ஏன் இப்படி ஆகிறது, செட்டோடு இருந்துகொண்டே குடிக்காமல் இருக்கிற யாராவது இங்கே இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.

மஞ்சள் மண்டி:

தம்பி, நான் ஈரோட்டுக்காரன், வயது நாற்பதை நெருங்குகிறது, எங்கள் செட்டில் குடிக்காத ஆள் நான் ஒருத்தன்தான், இன்னும் அதே செட்டோடுதான் இருக்கிறேன். தனியாக இருக்கும்போது நினைப்பே வருவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் உங்களுக்குச் சரக்கின் மேல் பெரிய இழுப்பு ஒன்றும் இல்லை, அந்த உட்காரும் ஏற்பாடுதான் உங்களைக் குடிக்க வைக்கிறது. ஏற்பாட்டில் கை வையுங்கள்.

முதலில் காசுக் கணக்கு. பெரும்பாலான ரூமில் மொத்தச் செலவையும் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து ஜிபே பண்ணச் சொல்வார்கள். பங்கு கொடுத்தவனுக்குக் கை சும்மா இருக்காது, காசு போட்டாச்சே, ஒரு கட்டிங்காவது அடிப்போம் என்று தோன்றும். சரக்குக் கணக்கு வேறு, சாப்பாட்டுக் கணக்கு வேறு என்று பிரியுங்கள். பரோட்டாவும் சில்லியும் என் செலவு, சரக்குக்கு என்னைச் சேர்க்காதே என்று சனிக்கிழமை காலையிலேயே சொல்லிவிடுங்கள். ராத்திரி பாட்டில் திறந்த பிறகு சொன்னால் அது விவாதமாகிவிடும், காலையில் சொன்னால் வெறும் தகவல்.

அடுத்தது அந்த டம்ளர். கவனித்துப் பாருங்கள், பிளாஸ்டிக் டம்ளர் பாதி காலியானதும் பக்கத்தில் இருக்கிறவன் பேசிக்கொண்டே ஊற்றிவிடுவான், கேட்க மாட்டான். கேட்டு ஊற்றினால் கஞ்சம் பிடிக்கிற மாதிரி ஆகிவிடும் என்று அவனுக்கு நினைப்பு. ஒரு தடவைகூட முழுசாகக் காலியாகாத டம்ளரில் எவ்வளவு உள்ளே போனது என்று குடித்தவனுக்கே தெரியாது. அதனால் உட்காரும்போதே உங்கள் டம்ளரில் பவண்டோவை விளிம்பு வரைக்கும் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். காலி டம்ளரும் சும்மா கிடக்கிற கையும்தான் எல்லார் கண்ணிலும் படும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் உட்காரணும். முடிந்தால் முதல் அரைமணி நேரம் கழித்துப் போங்கள். "சியர்ஸ்" சொல்லி எல்லாரும் ஒன்றாக எடுக்கிற முதல் ரவுண்டில்தான் இல்லாதவன் யார் என்று எண்ணுவார்கள், அதற்கப்புறம் எவனும் அடுத்தவன் டம்ளரைப் பார்ப்பதில்லை.

கல்யாணத்துக்கு இதைவிடச் சுலபம். நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் முந்தின நாள் ராத்திரி வேலைக்கா பஞ்சம்? ஒரம்பரையைப் பஸ் ஸ்டாண்டில் போய்க் கூட்டி வரணும், இலைக்கட்டு வரணும், பூ வரணும், ஆர்க்கெஸ்ட்ராக்காரன் வழி கேட்டுக் கூப்பிடுவான். கார் சாவியை மத்தியானமே வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவனுக்கு ஊற்றிக் கொடுக்க இப்போது எல்லாருக்கும் யோசனை இருக்கிறது, 2019இல் சட்டம் திருத்தியதில் இருந்து முதல் தடவை பிடித்தாலே 10,000 ரூபாய் அபராதம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களே உங்களுக்குக் காவலாக நிற்பார்கள்.

வார்டு சிஸ்டர்:

தம்பி, நான் கோவையில் மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். அண்ணன் சொன்ன வழியெல்லாம் சரிதான், ஏன் இப்படி ஆகிறது என்று நீங்கள் கேட்டதற்கு நான் கொஞ்சம் எழுதுகிறேன்.

குடிப்பது என்பது பாதி, பக்கத்தில் இருக்கிறவன் வேகத்துக்கு நம் கை போவதுதான். 1975இல் காடில், மார்லட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் கல்லூரிப் பையன்களைக் கூப்பிட்டு ஒயின் ருசி பார்க்கிற வேலை என்று சொல்லி உட்கார வைத்தார்கள். கூடவே ஒரு ஆளையும் உட்கார வைத்தார்கள், அவன் இவர்கள் ஏற்பாடு செய்த ஆள். அவன் நிறையக் குடித்தால் பையனும் நிறையக் குடித்தான், அவன் கொஞ்சமாக எடுத்தால் பையனும் குறைத்தான். யாரும் யாரையும் குடி என்று சொல்லவில்லை. உங்கள் ரூமில் யாரும் வற்புறுத்துவதில்லை என்று எழுதினீர்கள் பாருங்கள், அதற்குத்தான் இதைச் சொல்கிறேன், வற்புறுத்தல் தேவையே இல்லை.

இன்னொன்று எனக்கு மறக்கவே முடியாத ஆராய்ச்சி. 1993இல் பிரென்டிஸ், மில்லர் என்ற இரண்டு பேர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம், இங்கே நடக்கிற குடி உனக்கு எவ்வளவு சம்மதம், மற்றவர்களுக்கு எவ்வளவு சம்மதமாக இருக்கும் என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் தனக்கு அவ்வளவு சம்மதம் இல்லை, ஆனால் மற்றவர்களுக்கு இருக்கிறது என்று நினைத்திருந்தார்கள். ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லாததால் எல்லாரும் அடுத்தவருக்காக அதை நடத்திக்கொண்டிருந்தார்கள். உங்கள் ரூமில் டையிங்கில் வேலை செய்கிற தம்பிக்கும் ஞாயிற்றுக்கிழமை போவது வருத்தமாக இருக்கலாம், அவர் உங்களைப் பார்த்து "இவனுக்கு இது வேணும் போல" என்று நினைத்துக்கொண்டு இருக்கலாம். கூட்டத்தில் வேண்டாம், யாராவது ஒருத்தரிடம் மட்டும், டீ குடிக்கப் போகும்போது கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு ஆள் கூட நின்றாலும் பெரிய வித்தியாசம் இருக்கும், 1950களில் சாலமன் ஆஷ் செய்த சோதனைகளே இதைக் காட்டிவிட்டன. கூட்டம் முழுக்க ஒரு தப்பான பதிலைச் சொல்லும்போது நிறையப் பேர் தங்கள் கண்ணையே நம்பாமல் அதையே திருப்பிச் சொன்னார்கள், ஆனால் கூட்டத்தில் இன்னொருத்தர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் அப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

அப்புறம் அளவு. இது எங்கள் வார்டுக்கு வருகிற படித்த பையன்களுக்கே தெரிவதில்லை. லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும் பிராந்தி, விஸ்கி எதுவானாலும் 180 மில்லி குவார்ட்டரில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம் இருக்கிறது. ஒரே உட்காரலில் 60 கிராம் என்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் அளவு மீறிய குடிக்குக் கோடாக வைத்திருக்கிறது. ஒரு குவார்ட்டர்தானே என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வது அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. பீர்தானே என்பவர்களுக்கும் சொல்கிறேன், 8 சதவீதம் போட்ட ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 40 கிராம் இருக்கும். பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஏழில் இருந்து பத்து கிராம் வரைதான் எரிக்கும், மோர், எலுமிச்சை, கறுப்புக் காபி எதுவும் அதை வேகப்படுத்தாது. ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒரு ஆஃப் முடித்தவன் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வண்டி எடுத்தால், ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்ற சட்ட அளவை அப்போதும் தாண்டியே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ராத்திரி ஓட்டவில்லை, தூங்கி எழுந்துதான் ஓட்டினேன் என்று சொல்லிக்கொண்டு கட்டுப் போட வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நொய்யல்கரை:

செட்டை மட்டும் சொல்லிக்கொண்டு இருந்தால் எனக்குப் பத்தவில்லைங்க. இடத்தையும் கொஞ்சம் பார்க்கணும். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, கையில் சம்பளத்தோடு, இருபத்திச் சொச்சம் வயதுப் பையன்கள் நாலைந்து பேர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேச நம்ம ஊரில் எங்கே இடம் இருக்கிறது? ரூம் என்றால் பத்துக்குப் பத்து, மேலே தகரக் கொட்டகை, கரண்ட் போனால் வேர்த்து ஊற்றும். டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் கடைக்காரர் முகத்தைப் பார்க்கணும். கோயில் நடை சாத்திவிடுவார்கள். மத்தியானம் 12 மணியில் இருந்து ராத்திரி 10 மணி வரைக்கும் திறந்திருக்கிற ஒரே இடம் எது என்று உங்களுக்கே தெரியும். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை அரசாங்கமே எடுத்துக்கொண்டதில் இருந்து ஒரு தலைமுறைப் பையன்கள் அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போய் வளர்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லணும். முதல் டம்ளரை நீட்டுவது எப்போதும் சேக்காளிதான் என்று நினைக்காதீர்கள். கெடா வெட்டில் பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மாமன்தான் பதினேழு வயதுப் பையனைக் கூப்பிட்டு, பெரிய ஆளாகிட்டான்டா என்று மூடியில் ஊற்றிக் கொடுக்கிறார். 21 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, கொடுக்கிற மாமனை யார் கேட்பது? அந்தப் பையன் காலேஜுக்குப் போய் ஹாஸ்டலில் உட்காரும்போது அவனுக்கு அது புதுசே இல்லை.

நம் பக்கத்துக்கு இதில் வேறு மாதிரி ஒரு வரலாறும் உண்டு. ஈரோட்டில் 1921இல் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் கடை முன்னால் போய் நின்றார்கள், பெரியார் தன் தோப்புத் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். ராஜாஜி 1937 அக்டோபர் 1இல் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில், இன்றைய நாமக்கல்லும் அதற்குள்தான் இருந்தது. (இன்றைக்கு இதே மண்ணில் விவசாயிகள் கள் இறக்க அனுமதி கேட்டுப் போராடுவது தனி விஷயம், அதற்கு வேறு நியாயங்கள் இருக்கின்றன, இங்கே அதை இழுக்க வேண்டாம்.) நான் சொல்ல வந்தது, அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னவர்கள் கூட்டமாக நின்று சொன்னார்கள். இன்றைக்கு இந்தத் தம்பி ரூமில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் சும்மா குடிக்காதே என்று சொல்வதை விட, அந்த மூன்று மணி நேரத்துக்கு வேறு ஏதாவது ஒன்றைக் கொண்டு வரணும். எங்கள் தெருப் பையன்கள் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஷட்டில் கோர்ட்டை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள், குவார்ட்டர் காசில் பாதிகூட ஆவதில்லை. விளையாடி முடித்த பிறகு குடிக்கிறவன் இன்னமும் குடிக்கிறான்தான், ஆனால் பத்து மணிக்கு மேல் கடை கிடையாது, உடம்பும் அசந்துவிடுகிறது.

கோபி வாய்க்கால்:

ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். சாளையில் உட்காரும் முன்னாடியே, கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ எவனும் குளிக்க இறங்கக்கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள், மோட்டார் ரூம் சாவியைப் பெரியவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். எங்கள் பக்கம் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும்போது மேலே பார்த்தால் அமைதியாகப் போகிற மாதிரி இருக்கும், உள்ளே இழுப்பு தெரியாது, கரையில் பிடித்து ஏறவும் ஒன்றும் இருக்காது. நல்லா நீச்சல் தெரிந்த பையன்கள்தான் போகிறார்கள், நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுதான் குதிக்கிறார்கள்.

சரவணம்பட்டி ஷிப்ட்:

இங்கே எல்லாரும் பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். நான் ஐடியில் இருக்கிறேன், 26 வயது, ஊர் பொள்ளாச்சி. டீம் அவுட்டிங் என்று வால்பாறைக்கோ ஏற்காட்டுக்கோ போனால் ராத்திரி கேம்ப் ஃபயர் பக்கத்தில் ஒரு டேபிள் போட்டிருப்பார்கள். பையன் வேண்டாம் என்றால் "பழம்" என்று ஒரு கிண்டலோடு போய்விடும். நாங்கள் வேண்டாம் என்றால் "இன்னும் ஊர்க்காட்டிலேயே இருக்கியா" என்பார்கள், எடுத்தால் திங்கட்கிழமை அதே ஆள்தான் கேன்டீனில் அதைப் பற்றி வேறு மாதிரி பேசுவான். ஒயின்தானே, போட்டோவுக்கு ஒரு கிளாஸ் கையில் பிடி என்று கேட்கிறவர்களும் உண்டு. இதில் இன்னொரு கஷ்டம், பிராஜெக்டில் யாருக்கு என்ன வேலை என்ற பாதிப் பேச்சு அந்த டேபிளில்தான் நடக்கிறது, அங்கே இல்லாதவர்களுக்குத் தகவலே வந்து சேராது. சேக்காளிகள் என்றால் பிடிக்காதபோது எழுந்து போகலாம், மேனேஜர் உட்கார்ந்திருக்கிற டேபிளை விட்டு எப்படி எழுந்து போவது?

மஞ்சள் மண்டி அண்ணா, நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து, கோவித்துக்கொள்ளாதீர்கள். பவண்டோவை ஊற்றிக்கொண்டு குடிக்கிற மாதிரி இருப்பது கல்யாண வீட்டில் ஒரு ராத்திரிக்குச் சரி. ஒரே வீட்டில் இருக்கிறவர்களிடம் வாரா வாரம் அதைச் செய்தால் வேண்டாம் என்று நினைக்கிற இன்னொருத்தனுக்கு நாம் இருப்பதே தெரியாது. சிஸ்டர் சொன்ன பிரின்ஸ்டன் கதை மாதிரி, எல்லாரும் குடிக்கிறார்கள் என்ற நினைப்புக்கு நாமும் ஒரு ஆளாகக் கணக்கில் சேர்ந்துவிடுவோம். எங்கள் டீமில் போன அவுட்டிங்கில் ஒரு அக்கா எந்தக் காரணமும் சொல்லாமல், "எனக்கு வேண்டாம், லைம் சோடா சொல்லுங்க" என்று சத்தமாகச் சொன்னார். மாத்திரை சாப்பிடுகிறேன், விரதம் என்று எதுவும் இல்லை. அடுத்த நிமிஷம் பக்கத்தில் இருந்த புதுப் பையன் ஒருத்தனும் எனக்கும் லைம் சோடா என்றான், அப்புறம் நான். காரணம் சொன்னால் அந்தக் காரணம் தீர்ந்ததும் திரும்பக் கேட்பார்கள். மாத்திரை முடிஞ்சுதா என்பார்கள்.

காங்கேயம் மேற்கு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சிஸ்டர் சொன்ன மாதிரி டையிங்கில் இருக்கிறவனிடம் டீக்கடையில் கேட்டேன். அவனுக்கும் வேண்டாமாம், வீட்டுக்கு அனுப்புகிற காசு குறைகிறது என்று அம்மா போனில் கேட்டிருக்கிறார்கள். நான்தான் சனிக்கிழமை ஆனால் உற்சாகமாக இருப்பதாக அவன் நினைத்திருக்கிறான். இந்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுக் கணக்கு மட்டும் என்று குரூப்பில் போட்டோம். ஒருத்தன் சிரிக்கிற பொம்மை போட்டான், வேறு ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது வேறு ஒரு கேள்வி. ஜாப் ஒர்க் எடுக்கிறவனைப் பற்றி எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் சனிக்கிழமையோடு நிறுத்துவதில்லை. காலையில் பல் விளக்கும்போது கை நடுங்குகிறது, டீ டம்ளரை இரண்டு கையால் பிடிக்கிறான். வேலைக்குக் கிளம்பும் முன்னாடி ஒரு கட்டிங் போட்டால் நடுக்கம் நின்றுவிடுகிறது என்று அவனே சொன்னான். நாங்கள் மற்ற நாலு பேரும் சேர்ந்து, ரூமில் ஒரு மாதத்துக்குச் சரக்கே வேண்டாம், அவனையும் வெளியே விடாமல் பார்த்துக்கொள்வோம் என்று பேசிக்கொண்டு இருக்கிறோம். திங்கட்கிழமையில் இருந்து ஆரம்பிக்கலாம் என்று யோசனை. இது சரியாக வருமா?

வார்டு சிஸ்டர்:

தம்பி, நீங்கள் நாலு பேரும் நிறுத்துவது நல்ல விஷயம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அந்தத் தம்பியை நீங்களாக ரூமில் அடைத்து வைத்து நிறுத்தவே கூடாது, இதைத் தயவு செய்து எல்லாரிடமும் காட்டுங்கள். காலையில் நடுக்கம் வந்து, குடித்தால் அது நிற்கிறது என்றால் அவருடைய உடம்பு சரக்கை நம்பி நிற்கிற நிலைக்குப் போய்விட்டது. அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கம், வேர்வை, வாந்தி, தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளில் இருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் உளறல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், படபடப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். இதை மனசு பலவீனம், நடிக்கிறான் என்று நினைத்து ரூமிலேயே வைத்துப் பார்த்து, கடைசியில் ஆம்புலன்ஸில் கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துப் படிப்படியாக இறக்கினால் சமாளிக்கக்கூடிய விஷயம்தான்.

உங்களுக்குப் பக்கத்திலேயே திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவு ஓ.பி.யில் காட்டுங்கள். அதற்கு முன்னால் போனில் பேச வேண்டும் என்றால் 104, போதைப் பழக்கத்துக்கென்றே தேசிய உதவி எண் 14446 இருக்கிறது, இரண்டும் இலவசம். குடியை நிறுத்த மருந்து, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுங்கள் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். டைசல்பிரம் மாதிரியான மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் இறங்கி விபரீதமாகிவிடும்.

கூட்டிப் போகும்போது நாலு பேரும் சேர்ந்து சுற்றி உட்கார்ந்து புத்தி சொல்ல வேண்டாம். அவர் நிதானமாக இருக்கிற நேரத்தில், அவருக்கு யாரோடு ரொம்ப ஒட்டுதலோ அவர் மட்டும், "கை நடுங்குது மாப்ளே, அதை மட்டும் டாக்டரிடம் காட்டுவோம், நானும் வரேன்" என்று சொன்னால் போதும். குடியைப் பற்றிப் பேசினால் எழுந்து போகிறவர்கள்கூட நடுக்கத்துக்கு வைத்தியம் என்றால் வருவார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு உங்கள் ரூமில் பாட்டில் இல்லாமல் இருப்பது அவருக்குப் பாதி மருந்து, அந்த ஒரு மாதத் திட்டத்தை அப்போது தொடங்குங்கள், அப்போதுதான் அது அவருக்கு உதவும்.

அதற்கு நடுவில் என்றைக்காவது யாராவது அளவு மீறிக் குடித்துவிட்டுத் தட்டினாலும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குக் கூப்பிடுங்கள், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஒரு ஆள் பக்கத்திலேயே இருங்கள்.

திங்கட்கிழமை காலையில் ஓ.பி.க்குப் போகும்போது ஆதார் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, எவ்வளவு, இதற்கு முன்னால் எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா, இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். போகிற வழியில் நடுக்கம் அதிகமாகி அவர் பேச்சு குழற ஆரம்பித்தால் ஓ.பி. வரிசையில் நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.